மெயில்ல ஸ்டார்ஸ்! ஆட்டம்: நடத்துறவனும் ஆடலாமா?

கடைசிபெஞ்ச்
வணக்கமுங்க. ஹாஸ்டல்ல நாங்க எட்டுப் பேர், கம்ப்யூட்டர் ஒண்ணே ஒண்ணு. சிவிலைசேஷன் 4ஐ ராத்திரி முழுக்க மாத்தி மாத்தி உக்காந்து ஆடுவோம். ஒருத்தன் ஆடறப்போ மத்தவன் எல்லாம் வராண்டாவுல நிக்கணும், எட்டிப் பாத்தா அடி விழும். இப்ப ஆளுக்கொரு திசை: கோவை, சென்னை, சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ, சிட்னி. எல்லாரையும் ஒரே நேரத்துல ஆன்லைன்ல உக்கார வெக்கறது நடக்காத காரியம். ரெண்டு பேருக்குக் கைக்குழந்தை வேற.

அதான் மெயில்லயே முறை வெச்சு ஆடலாம்னு ஒரு யோசனை. எந்த கேம் எடுக்கலாம்? நான்தான் நடத்தப் போறேன், ஆனா நானும் ஆடணும். அது சரியா வருமா? இதுக்கு முன்னாடி நடத்தினவங்க சொல்லுங்க.

நட்சத்திரவாசி
முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சிவிலைசேஷன் 4இல் மின்னஞ்சல் ஆட்டம் உண்டு. ஆனால் அது கைமாற்று முறை. ஒருவர் ஆடி முடித்து அடுத்தவருக்குக் கோப்பை அனுப்ப வேண்டும். எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு நாள் என்றால் ஒரு சுற்றுக்கு எட்டு நாள். 200 சுற்றுக்கு 1600 நாள். அந்தக் கைக்குழந்தைகள் எல்கேஜி சேர்ந்துவிடும்.

எல்லாரும் ஒரே சமயத்தில் ஆணை எழுதி அனுப்புகிற ஆட்டமாக எடுங்கள். என் வாக்கு ஸ்டார்ஸ்!க்கு, விண்வெளியில் கோள்களைப் பிடித்துப் பேரரசு கட்டுகிற ஆட்டம். ஜெஃப் ஜான்சன், ஜெஃப் மெக்பிரைட் என்ற இருவர் எழுதி 1995இல் வந்தது, 16 பேர் வரை ஆடலாம். நடத்துபவரிடம் எச்எஸ்டி என்ற தாய்க்கோப்பு இருக்கும். அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஓர் எம் கோப்பு போகும், அவரவர் கண்ணுக்குத் தெரிகிற அண்டம் மட்டும் அதில் இருக்கும். அவர் கப்பல்களை நகர்த்தி, தொழிற்சாலைக்கு ஆணை போட்டுச் சேமித்தால் ஓர் எக்ஸ் கோப்பு உருவாகும். அதை உங்களுக்கு அனுப்புவார். எல்லாருடைய எக்ஸும் வந்ததும் நீங்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் ஓர் ஆண்டு நகரும். ஆட்டம் 2400ஆம் ஆண்டில் தொடங்கும். வாரத்துக்கு மூன்று ஆண்டு ஓட்டினால் நூறு ஆண்டு எட்டு மாதத்தில் முடிந்துவிடும்.

ஒருவர் அனுப்பத் தவறினாலும் ஆட்டம் நிற்காது. கப்பல்கள் ஏற்கெனவே குறித்த வழியில் போய்க்கொண்டிருக்கும், உற்பத்தி வரிசையும் ஓடும். ஆரம்ப ஆண்டுகளில் ஒரு முறை தவறினால் பெரிய சேதம் இல்லை. போர் நடக்கும்போது தவறினால் கதை கந்தல்.

தேங்காய்ச்சில்லு
ஸ்டார்ஸ்!ஆ? அதோட ஐகான் எல்லாம் ரேஷன் கடை முத்திரை மாதிரி இருக்குமே சார். டொமினியன்ஸ் ஆடுங்கப்பா, இதே முறைதான். நடத்துறவர்கிட்டேருந்து டிஆர்என் கோப்பு வரும், நாம 2எச் கோப்பு திருப்பி அனுப்புவோம். ஐந்தாம் பதிப்பு 2017ல வந்தது, ஆறாவது 2024ல. பேய், பிசாசு, கடவுள் எல்லாம் இருக்கு.

இன்னொண்ணு. ஸ்டார்ஸ்! 16 பிட் நிரல். இன்னைக்கு இருக்கற 64 பிட் விண்டோஸ்ல ரெண்டு தடவை கிளிக் பண்ணினா திறக்கவே திறக்காது. எட்டுப் பேருக்கும் அதை நிறுவிக் கொடுக்கறதுக்குள்ள உங்க உசுரு போயிடும்.

கட்டெறும்பு
போகாது. பழைய கணினி மாதிரியே நடிக்கிற டாஸ்பாக்ஸ்னு ஒரு நிரல் இருக்கு, அது உள்ளே விண்டோஸ் 3.1 போட்டா ஓடும். லினக்ஸ்னா, விண்டோஸ் நிரலை அதுல ஓட்டற வைன். விண்டோஸ்லயே வேணும்னா அதே வேலைக்கு வைன்விடிஎம். யாராவது ஒருத்தர் தன் கணினியில தயார் பண்ணி, படிப்படியா எழுதி மத்தவங்களுக்கு அனுப்பினா போதும். நிரலை மெயில்ல அனுப்பப் பாக்காதீங்க, ஜிமெயில் .exe கோப்பைத் தடுத்துடும். ஜிப் பண்ணினாலும் விடாது. கேமோட வரிசை எண் அவரவர் சொந்தமா வெச்சிருக்கணும். ஒரே எண்ணை ரெண்டு பேர் போட்டா கேமே கண்டுபிடிச்சிடும்.

நிஜமான தலைவலி வேற. ஒரே பேர்ல கோப்பு ரெண்டாம் தடவை வந்தா பிரவுசர் பேருக்குப் பின்னாடி (1)னு ஒட்டிடும். ஸ்டார்ஸ்! கோப்புப் பேர் எட்டெழுத்தைத் தாண்டாத காலத்து ஆள், அந்தப் பேரைத் தொடாது. ஆட்டக்காரர் பழைய கோப்பையே திறந்து, போன வருஷத்துக்கே மறுபடி ஆணை எழுதி அனுப்புவார். அப்புறம் "அனுப்பிட்டேன், ஏன் சேரல"ன்னு உங்ககிட்ட சண்டை. முதல் மாசம் உங்களுக்கு வர்ற புகார்ல பாதி இதுவாத்தான் இருக்கும். பழைய கோப்பை அழிச்சிட்டு இறக்குங்கன்னு ஒவ்வொரு மெயிலோட அடியிலயும் போட்டுடுங்க.

கடைசிபெஞ்ச்
ரொம்ப நன்றிங்க. டொமினியன்ஸ் நானும் பாத்தேன், எங்க பசங்க அதோட கையேட்டைப் பாத்தே ஓடிருவானுங்க. ஸ்டார்ஸ்!னு முடிவு பண்ணியாச்சு. முக்கியமான கேள்விக்கு யாருமே பதில் சொல்லலையே. நானும் ஆடலாமா?

தபால்கார்டு
ஆடக் கூடாது தம்பி.

நான் 15 பைசா கார்டு காலத்தில் அஞ்சல் வழிச் சதுரங்கம் ஆடியவன். சதுரங்கத்துக்கு நடுவர் அவ்வளவாகத் தேவைப்படாது, பலகை இருவருக்கும் தெரியும். மறைத்து ஆணை எழுதுகிற ஆட்டம் அப்படியல்ல. டிப்ளமசி என்ற பலகை ஆட்டம் 1959இல் விற்பனைக்கு வந்தது. ஏழு பேர் இரகசியமாக ஆணை எழுத வேண்டும். 1963இல் ஜான் போர்ட்மன் என்ற அமெரிக்கர் கிராஸ்டார்க் என்ற சிற்றிதழ் தொடங்கி அதைத் தபாலில் நடத்தினார். ஏழு பேருடைய ஆணையும் ஓர் ஆளிடம் போகும், அவர் தீர்த்து, முடிவை அச்சடித்து அனுப்புவார். அந்த வழக்கத்திலிருந்து வந்ததுதான் நடத்துபவர் ஆடுவதில்லை என்பது. எல்லாருடைய கடிதத்தையும் உடைத்துப் படிக்கிறவர் எப்படி ஆட முடியும்?

1970இல் ரிக் லூமிஸ் ஓர் அணு ஆயுதப் போர் ஆட்டத்தைத் தபாலில் நடத்தினார். பின்னால் ஃப்ளையிங் பஃபலோ என்று நிறுவனமே வைத்து, கணக்குப் போடும் வேலையைக் கணினியிடம் விட்டார். டிப்ளமசிக்கும் 1988இல் கென் லோ என்பவர் மின்னஞ்சலில் ஆணை வாங்கித் தானே தீர்ப்புச் சொல்லும் ஒரு நிரல் எழுதினார், அதற்குப் பெயரே நீதிபதி. மனிதன் கைபடாமல் இருக்கத்தான் இத்தனை பாடு.

தேங்காய்ச்சில்லு
ஐயா, அது எல்லார் கடிதத்தையும் உடைக்கிற காலம். இங்கே ஒவ்வொருத்தர் ஆடற இனத்துக்கும் தனிக் கடவுச்சொல் இருக்கே? எக்ஸ் கோப்பைக் கையில வெச்சிருந்தாலும் உள்ளே என்ன இருக்குன்னு தெரியாது. ஆடினா என்ன குடி முழுகிடும்?

குளிர்நாட்டான்
குடி முழுகாது தங்கச்சி, பேர் முழுகும். என்ர கதையைக் கேளுங்கோ.

நாங்கள் ஆறு பேர் ரொறன்ரோவிலயும் லண்டனிலயும் இருந்துகொண்டு ஸ்டார்ஸ்! விளையாடினனாங்கள். நான்தான் நடத்தினது, நானும் விளையாடினன். 2437 வரைக்கும் ஒரு பிசகும் இல்லை. அந்த வருசம் என்ர பெரிய கப்பல் படை ஒண்டு எதிரியின்ர கண்ணிவெளிக்குள்ள மாட்டுப்பட்டுப் போச்சு. அதே கிழமை இஞ்ச பனிப்புயல், ரெண்டு நாள் கரண்ட் இல்லை. கெடுவை ரெண்டு நாள் தள்ளிப்போட்டன். என்ர எக்ஸ் கோப்பு அதுக்கு முதல் நாளே ஆயத்தம், அதில ஒரு எழுத்தும் நான் மாத்தேல்லை. அடுத்த வருசம் அந்தப் படை தப்பி வந்து சண்டையையும் வெண்டிட்டுது.

அவ்வளவுதான். ஒருத்தரும் நேர ஒண்டும் சொல்லேல்லை. ஆனா "அண்ணைக்குப் பனி பெய்தால் எங்களுக்கு அடி விழும்" எண்டு ஒரு பகிடி துவங்கிச்சுது. பிறகு ஆராவது ஒரு நாள் கூடக் கேட்டால் "பனியோ?" எண்டு கேப்பினம். நாலு கிழமையில ரெண்டு பேர் விலகிட்டினம். ஆட்டம் 2450ஐக் காணேல்லை. கடவுச்சொல் கோப்பைத்தான் பூட்டும். மணிக்கூடு நடத்துறவற்ற கையிலதானே.

தேங்காய்ச்சில்லு
சரி, அந்தக் கதைக்கு நான் சரண்டர். ஆனா ஒண்ணு கேக்கறேன். தான் ஆடாத ஆட்டத்துக்கு எட்டு மாசம் வாரம் மூணு நாள் யார் வேலை பாப்பாங்க? நான் சேர்ந்த மெயில் ஆட்டங்கள்ல பாதி செத்தது நடத்தினவர் ஏமாத்தினதால இல்லை, அவருக்குச் சலிச்சுப் போனதால. ஒரு நாள் ஊருக்குப் போறேன்னார், போனவர் போனவர்தான். ஆடறவருக்காவது "என் படை என்ன ஆச்சோ"ன்னு ஒரு அரிப்பு இருக்கும், ராத்திரி பன்னெண்டுக்கானாலும் பொத்தானை அழுத்துவார்.

நட்சத்திரவாசி
இரண்டு பேர் சொல்வதும் நடந்ததுதான். ஆகவே பொத்தானையும் மணியையும் ஆளிடமிருந்து பிடுங்கி விடுங்கள். கட்டெறும்பு மாதிரி ஒருவர் ஒரு சின்ன நிரல் எழுதினால், அஞ்சல் பெட்டியைப் பார்த்து, எக்ஸை எடுத்து வைத்து, கெடு வந்ததும் அதுவே ஆண்டை நகர்த்திவிடும். ஸ்டார்ஸ்!ஐக் கட்டளை வரியிலிருந்தே ஓட்டலாம்.

ஆனால் நிரலால் தீராத ஓர் இடம் உண்டு. மாற்று ஆள். எட்டு மாதத்தில் எட்டுப் பேரில் ஒருவராவது விலகுவார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புது ஆளுக்குக் கொடுக்கிற கடவுச்சொல் நடத்துபவர் கை வழியாகத்தான் போகும். அவரும் ஆடுகிறவர் என்றால் அந்த நாள் முதல் ஒரு இனத்தின் முழு வரைபடமும் அவருக்குத் தெரியும். அதனால் நானும் தபால்கார்டு ஐயா பக்கம்தான்.

மாற்று ஆள் விஷயத்தில் எல்லாரும் கோட்டை விடுவது ஒன்று: எம் கோப்பு மட்டும் போதாது, எச் கோப்பும் வேண்டும். முன்பு எப்போதோ வேவு பார்த்த கோள்கள் பற்றிய விவரம் எல்லாம் அந்த வரலாற்றுக் கோப்பில்தான் இருக்கிறது. அது ஆட்டக்காரரின் கணினியில் மட்டுமே இருக்கும், உங்களுக்கு வரவே வராது. மாதம் ஒரு முறை எல்லாரிடமும் அதைக் கேட்டு வாங்கிவையுங்கள்.

கட்டெறும்பு
நிரல் நான் எழுதித் தர்றேன். ரெண்டு நிபந்தனை. ஒண்ணு, மெயில் தலைப்பு ஒரே மாதிரி இருக்கணும்: ஆட்டத்தோட பேர், வருஷம், ஆட்டக்காரர் எண். "மச்சி இந்தா"ன்னு தலைப்பு போட்டு வந்தா நிரல் தூக்கிப் போட்டுடும். ரெண்டு, எக்ஸ் வந்த உடனே "வந்து சேர்ந்தது"ன்னு பதில் போகும், அது வரலைன்னா சேரலைன்னு அர்த்தம். அப்புறம் வாக்குவாதம் கிடையாது.

ஒவ்வொரு வருஷத்துக்கும் தனி ஃபோல்டர். தாய்க்கோப்பு, எம், எக்ஸ் எல்லாம் அதுல நகல். கோப்பு கெட்டுப்போனா போன வருஷத்துக்குத் திரும்பணும்ல.

தபால்கார்டு
கெடு பற்றி ஒரு வார்த்தை. அஞ்சல் சதுரங்கத்தில் ஒவ்வொரு நகர்வுக்கும் தனித்தனிக் கெடு கிடையாது. பத்து நகர்வுக்கு முப்பது நாள். அதை எப்படிப் பிரித்துக்கொள்கிறோம் என்பது நம் பாடு. கடிதம் கிடைத்த தேதி, பதில் போட்ட தேதி இரண்டையும் கார்டில் எழுதுவோம், தபால் முத்திரை அதற்குச் சாட்சி. ஒரு மாமா கல்யாண வேலையில் ஒரே நகர்வுக்குப் பதினாறு நாள் எடுத்தார், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, அது அவருடைய நாள்.

உங்கள் ஆட்டத்திலும் ஆளுக்குப் பத்து நாள் என்று கணக்கு வைத்துவிடுங்கள். காரணம் கேட்க வேண்டாம், பனியா வெயிலா என்று விசாரிக்க வேண்டாம். கேட்டால் ஒரு நாள் கழியும். பத்தும் தீர்ந்தால் ஆண்டு அவருக்காக நிற்காது.

குளிர்நாட்டான்
ஐயா, இதை ஒரு பத்து வருசத்துக்கு முதல் சொல்லியிருக்கக் கூடாதோ!

கடைசிபெஞ்ச் தம்பி, கெடு ஆற்ற ஊர் நேரம் எண்டு தெளிவா எழுதுங்கோ. இந்தியாவில வெள்ளி இரவு 10 எண்டால் எங்களுக்குக் கோடையில மத்தியானம் 12:30, நவம்பரில மணிக்கூட்டை மாத்தினாப் பிறகு 11:30. சிட்னிக்காரருக்கு அது சனி விடியப்புறம். "வெள்ளி எண்டுதானே சொன்னனீங்கள்" எண்டு சண்டை பிடிக்கவே ஒரு ஆள் இருப்பான்.

கடைசிபெஞ்ச்
அந்த ஆள் யாருன்னு இப்பவே தெரியுமுங்க :)

மனசு கேக்கல, ஆனா ஒத்துக்கறேன். நான் ஆடலை. ஏழு பேர் ஆடறானுங்க. இப்போதைக்குப் போட்டிருக்கறது இதுதான்: நடுத்தர அளவு அண்டம், திடீர் நிகழ்வு கிடையாது, துரித பிபிஎஸ் ஆட்டம்ங்கற தேர்வு உண்டு (ஆரம்பத்துலயே மக்கள்தொகை கூடக் கிடைக்கும், மந்தமான வருஷங்கள் சுருங்கும்). முதல் இருபது வருஷம் தினம் ஒண்ணு, அப்புறம் செவ்வாய், வியாழன், ஞாயிறு. கெடு இந்திய நேரம் ராத்திரி 10. ஆளுக்குப் பத்து நாள். தீபாவளி வாரமும் கிறிஸ்துமஸ் வாரமும் லீவு.

பேரம், கூட்டணி எல்லாம் தனி மெயில்ல பேசிக்கலாம், நான் பாக்க மாட்டேன். குழு முகவரிக்கு அறிவிப்பு மட்டும்.

தேங்காய்ச்சில்லு
குழு முகவரின்னதும் ஞாபகம் வருது. ஒரு டொமினியன்ஸ் ஆட்டத்துல ஒருத்தர் "தெற்கே இருக்கறவன் தூங்கறான், அடுத்த முறை நாம ரெண்டு பேரும் சேர்ந்து உள்ளே போயிடலாம்"னு எழுதி, எல்லாருக்கும் பதில்ங்கற பொத்தானை அழுத்திட்டார். தெற்கே இருந்தது நான்தான். "முழிச்சிட்டேன்"னு ஒரே வார்த்தை, அதையும் எல்லாருக்குமே அனுப்பினேன்.

கடைசிபெஞ்ச்
ஆட்டம் ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆச்சு, நிலவரம் சொல்லணும்ல. இப்ப 2431. நிரல் அருமை, கட்டெறும்புக்கு ஒரு பிரியாணி கடன். (1) பிரச்சினை நாலு பேருக்கு வந்துச்சு, சொன்ன மாதிரியே ஒருத்தன் சத்தியம் பண்ணினான் அனுப்பிட்டேன்னு. சிட்னிக்காரன் வெள்ளிக்கிழமைச் சண்டைக்குப் பதிலா ஞாயித்துக்கிழமைச் சண்டை போட்டான்.

ஆடாம நடத்தறது நெனச்ச அளவுக்கு மோசமில்லைங்க. ஏழு பேரும் தனித்தனியா எனக்கு மெயில் போட்டுப் புலம்பறானுங்க. யாருக்கு யார் மேல சந்தேகம்னு எனக்கு மட்டும்தான் தெரியும். ஹாஸ்டல் வார்டன் ஆன மாதிரி இருக்கு.

ஆனா இப்ப ஒரு சிக்கல். லண்டன்காரன் வேலை மாறிட்டான், முடியலைன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டான். நல்ல நிலைமையில இருக்கற ராஜ்ஜியம், கம்ப்யூட்டர்கிட்ட விட மனசு வரலை. நானே எடுத்துக்கலாமா? ஆசையாத்தான் இருக்கு.

நட்சத்திரவாசி
வேண்டாம்.

குளிர்நாட்டான்
வேண்டாம். பனி, தம்பி, பனி.

தேங்காய்ச்சில்லு
சரி, கொடுங்க. நான் எடுத்துக்கறேன். ஐகான் பத்தி நான் சொன்னதை வாபஸ் வாங்கறேன். அந்தப் பசங்க யாரையும் எனக்குத் தெரியாது, அதனால தயவு தாட்சண்யமும் கிடையாது. பழைய ஆள் வெச்சிருந்த பத்து நாள்ல எத்தனை மிச்சம்?

கடைசிபெஞ்ச்
நாலு மிச்சமுங்க, அது உங்களுக்கே. எம் கோப்பும் கடவுச்சொல்லும் அனுப்பிட்டேன். உள்ளே போனதும் முதல் வேலையா கடவுச்சொல்லை மாத்திருங்க, எனக்கும் சொல்லாதீங்க.

தேங்காய்ச்சில்லு
திறந்துட்டேன், கடவுச்சொல்லும் மாத்தியாச்சு. இருபத்திரெண்டு கோள் நம்மளோடது, ஆராய்ச்சி நல்லாவே போயிருக்கு. ஆனா நம்ம எல்லைக்கு அந்தப் பக்கம் முக்கால்வாசி வரைபடம் இருட்டா இருக்கே? முப்பது வருஷமா இந்த மனுஷன் ஒரு வேவுக் கப்பல் கூடவா அனுப்பலை?

நட்சத்திரவாசி
அனுப்பியிருப்பார். கடைசிபெஞ்ச், எச் கோப்பு எங்கே?

கடைசிபெஞ்ச்
…

மாசா மாசம் வாங்கி வைக்கச் சொன்னீங்கல்ல. முதல் மாசம் வாங்கினேன். ரெண்டாவது மாசம் மறந்துட்டேன். லண்டன்காரன் ஆபீஸ் லேப்டாப்ல ஆடினானாம், அதைப் போன வாரம் திருப்பிக் கொடுத்துட்டானாம்.

2414ஓட எச் கோப்பு இருக்கு. அதை அனுப்பட்டுங்களா?

தேங்காய்ச்சில்லு
அனுப்புங்க. பதினேழு வருஷப் பழசுன்னாலும் இருட்டுக்கு அது தேவலை. அப்படியே ஒரு நாள் கழிச்சுக்கங்க, மிச்சம் மூணு.